பப் எடுக்கப் போகிறோம்; பொலிஸோடு எவ்வளவு நெருக்கம் வைக்கலாம்?

வாசகர் கேள்வி:

வணக்கம் அக்கா. தென்கிழக்கு லண்டனில் பல வருடமாக ஓஃப்-லைசென்ஸ் கடை நடத்துகிறேன். பெர்சனல் லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது. இதுவரை ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. இப்போது கென்ட் பக்கம் ஒரு சிறு நகரத்தில் பப் ஒன்றை லீஸுக்கு எடுக்கப் போகிறோம். கீழே பார், பின்னால் தோட்டம், மேலே வீடு. நூற்றிருபது பேர் வரை கொள்ளும். மனைவி கிச்சனைப் பார்ப்பார்; கொத்து, டெவல்ட் எல்லாம் போடும் எண்ணம். வெள்ளி, சனி இரவுகளில் டீஜே வைத்தால்தான் கட்டுபடியாகும். முன்பு நடத்தியவரின் கம்பனி கடனில் தத்தளிக்கிறது. அவர் காலத்தில் சத்தம் என்று அயலவர்கள் கவுன்சிலுக்கு எழுதியிருக்கிறார்கள். இரண்டு தடவை சண்டையும் நடந்திருக்கிறது. சத்தத்துக்குச் சுவரில் ஃபோம் ஒட்டினால் போதும், செலவும் குறைவு என்று ஒரு நண்பர் சொல்கிறார். கவுன்சிலின் லைசென்சிங் அதிகாரி வந்து பார்த்துவிட்டு, பப்காரர்கள் சேர்ந்து நடத்தும், பொலிஸும் வந்துபோகும் 'பப்வாட்ச்' கூட்டத்துக்கு வாருங்கள், நன்றாக நடத்தும் பப்களை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் 'பெஸ்ட் பார் நன்' திட்டத்திலும் சேருங்கள் என்றார். பங்காளியாக இருக்கும் மச்சான் வேண்டவே வேண்டாம் என்கிறார். "நாங்களாகப் போய்ப் பொலிஸிடம் தலையைக் கொடுக்கக் கூடாது. சண்டை நடந்தாலும் எழுதி வைக்காதே, அதுவே பிறகு எங்களுக்கு எதிராக வரும்" என்கிறார். யார் சொல்வது சரி? இதில் சேருவதால் என்ன பயன்?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டிலும் சேருங்கள். பப்வாட்ச்சில் சாவி கைக்கு வந்த கிழமையே சேருங்கள். பெஸ்ட் பார் நன்னுக்கு ஆறு மாதம் நடத்திப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். மச்சானின் பயம் எனக்கு விளங்குகிறது. இந்த நாட்டில் கடை வைத்த எங்கள் ஆட்களில் பலருக்குப் பொலிஸ், கவுன்சில், ஹோம் ஒஃபிஸ் மூன்றும் ஒன்றுதான். யார் கதவைத் தட்டினாலும் கெட்ட சேதி என்றே பழகிவிட்டோம். பயம் நியாயம்தான். ஆனால் அவர் காட்டும் வழி தவறு. அது ஏன் தவறு என்று விளங்க வேண்டுமானால், நீங்கள் எடுக்கப் போகும் தொழில் இதுவரை செய்த தொழில் அல்ல என்பது முதலில் விளங்க வேண்டும்.

கடைக்கு ஒருவர் வருகிறார். வயதைப் பார்க்கிறீர்கள், வெறியில் இருக்கிறாரா என்று பார்க்கிறீர்கள், போத்தலைக் கொடுத்துக் காசை வாங்குகிறீர்கள். அவர் வாசலைத் தாண்டியதும் உங்கள் பொறுப்பு ஏறக்குறைய முடிந்துவிடும். பப்பில் காசு வாங்கிய பிறகுதான் வேலையே ஆரம்பம். அவர் உங்கள் கூரையின் கீழ், உங்கள் கிளாஸில், உங்கள் கண் முன்னாலேயே குடிக்கிறார். ஏழு மணிக்குச் சிரித்துக்கொண்டு வந்தவர் பத்தரைக்கு வேறு ஆள். நான்கு வீத பியர் ஒரு பைன்ட், அதாவது 568 மில்லிலீற்றர், கிட்டத்தட்ட 2.3 யூனிட். உடம்பு ஒரு யூனிட்டைக் கரைக்க ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் எடுக்கும். மூன்று மணித்தியாலத்தில் ஐந்து பைன்ட் குடித்தவருக்கு பதினொன்றரை யூனிட் உள்ளே போயிருக்கும், கரைந்தது மூன்றுதான் இருக்கும்.

அவருக்கு ஆறாவது பைன்ட்டை ஊற்றுவதா இல்லையா என்று முடிவெடுக்கப் போவது பெரும்பாலும் நீங்கள் இல்லை. மாலையிலிருந்து நின்று கால் கடுக்கிற இருபது வயதுப் பிள்ளை ஒன்றுதான் அந்த முடிவை எடுக்கும். பப்பின் பாதுகாப்பு என்று நான் சொல்வதில் முக்கால் பங்கு, அந்தப் பிள்ளைக்கு 'இல்லை' என்று சொல்லும் தைரியத்தை நீங்கள் கொடுத்திருக்கிறீர்களா என்பதுதான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 லைசென்சிங் சட்டம் நான்கு நோக்கங்களை வைக்கிறது: குற்றமும் ஒழுங்கீனமும் நடக்காமல் தடுப்பது, வருபவர்களின் பாதுகாப்பு, அயலுக்குத் தொல்லை கொடுக்காதிருப்பது, சிறுவர்களைத் தீங்கிலிருந்து காப்பது. ஸ்கொட்லாந்தில் பொதுச் சுகாதாரமும் ஐந்தாவதாக இருக்கிறது. கடையில் உங்களுக்குத் தலையிடி தந்தது பெரும்பாலும் சிறுவர் விஷயமாகத்தான் இருந்திருக்கும். பப்பில் நான்கும் ஒரே சனிக்கிழமை இரவில் வந்து நிற்கும். வெறியில் இருப்பவர் என்று தெரிந்தும் அவருக்கு மதுபானம் விற்பது அதே சட்டத்தின் 141ஆம் பிரிவில் குற்றம். தண்டப்பணம் 1,000 பவுண் வரை போகலாம். விற்ற பிள்ளையின் பெயரிலேயே அந்தக் குற்றம் பதிவாகலாம். இதை வேலைக்கு எடுக்கும் நாளிலேயே அவர்களுக்குச் சொல்லுங்கள். பயமுறுத்துவது போலச் சொல்ல வேண்டாம். "நீ மறுத்தால் சட்டம் உன் பக்கம், நானும் உன் பக்கம்" என்று சொல்லுங்கள்.

மறுப்பது ஒரு கை வேலை, பழகினால் வரும். "நீ வெறியில் இருக்கிறாய்" என்று கூட்டாளிகள் முன்னால் சொன்னால் அந்த ஆளுக்கு மானப் பிரச்சினை ஆகிவிடும்; சண்டை பாதி அங்கேதான் பிறக்கிறது. கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "இன்றைக்கு இதோடு போதும், நாளைக்கு வாருங்கள்" என்று சொல்ல வேண்டும். முன்னால் ஒரு பைன்ட் தண்ணீர் வைக்க வேண்டும். கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுப்பது எப்படியும் கட்டாய நிபந்தனை. கேட்காமலே கொடுங்கள், நான்கு பைன்ட் தண்ணீர் ஒரு சண்டையை மிச்சப்படுத்தும். கூட்டத்தில் தெளிவாக இருக்கும் நண்பர் ஒருவர் எப்போதும் இருப்பார், அவரிடம் கதையுங்கள். பிள்ளைக்குச் சமாளிக்க முடியாவிட்டால் உங்களை அழைக்க ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள். பார்த் துணியைத் தோளில் போட்டால் நீங்கள் வர வேண்டும், அவ்வளவுதான்.

இதில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பிள்ளை மறுத்த ஒருவருக்கு நீங்கள் வந்து "சரி சரி, கடைசியாக ஒன்று கொடு" என்று சொல்லிவிட்டால், அன்றோடு அந்தப் பப்பில் யாரும் யாருக்கும் மறுக்க மாட்டார்கள். எத்தனை பயிற்சி கொடுத்தாலும் அதைத் திருப்பி எடுக்க முடியாது.

இந்தச் சோதனை உங்களுக்கு வெளியாரிடமிருந்து வருவதைவிட எங்கள் ஆட்களிடமிருந்து வரும். ஊர்க்காரர், பள்ளிக்கூடக் கூட்டாளிகள், பெறாமகனின் நண்பர்கள். மணி அடித்து பார் மூடிய பிறகு "அண்ணை, கதவைப் பூட்டிவிட்டு எங்களுக்கு மட்டும் ஒரு றவுண்ட்" என்பார்கள். முகத்துக்கு அஞ்சிக் கொடுத்தால், அது லைசென்ஸ் நேரத்துக்கு வெளியே நடக்கும் விற்பனை. 136ஆம் பிரிவில் எல்லையில்லாத தண்டப்பணமும் ஆறு மாதச் சிறையும் வரை இருக்கிறது. திறந்த முதல் மாதமே சொந்தக்காரர் ஒருவருக்கு எல்லோரும் பார்க்க 'இல்லை' என்று சொல்லுங்கள். அந்தக் கதை தானாகப் பரவும், பிறகு கேட்க மாட்டார்கள். இன்னொன்று: கடையில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை ரில்லில் நின்று உதவியிருக்கலாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் செய்யும் ஒவ்வொரு மதுபான விற்பனையையும் பொறுப்பான பெரியவர் ஒருவர் அந்த இடத்திலேயே அனுமதித்திருக்க வேண்டும். பார்ப் பக்கம் உங்கள் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள்.

வயது பார்ப்பதில் உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இருபத்தைந்துக்குக் குறைவாகத் தெரிபவரிடம் அடையாள அட்டை கேட்கும் சலஞ்ச் 25 உங்களுக்குக் கடையிலேயே பழக்கம். பப்பில் வித்தியாசம் என்னவென்றால், காசு கொடுப்பவர் இருபத்தெட்டு, குடிப்பவர் பதினாறு. மேசையைப் பார்க்க வேண்டும். கிளாஸ் எடுக்கப் போகும் பிள்ளைதான் இதற்கு உங்கள் கண்.

இனி மச்சானுக்கு வருவோம். எழுதி வைத்தால் எதிராக வரும் என்கிறார். பொலிஸுக்குப் போன அழைப்புகளின் எண்ணிக்கையை மட்டும் காட்டி ஒரு பப்பைக் கெட்ட இடமாக நிறுத்தப் பார்ப்பதை விசாரணைகளில் நானும் கண்டிருக்கிறேன். அவர் கேள்விப்பட்டது பொய்யில்லை. ஆனால் அதற்கு ஒரே மறுமொழி, நடந்ததையும் மறுத்ததையும் எழுதி வைத்த உங்கள் புத்தகம்தான். லைசென்ஸ் மறுபரிசீலனைக்கு வந்தால் மூன்று கவுன்சிலர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள். பொலிஸ் தன் பதிவைக் கொண்டு வரும். அயலவர் திகதி போட்டு எழுதிய டயரியோடு வருவார். உங்கள் கையில் ஒன்றும் எழுதாத புத்தகம் இருந்தால், அவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் நினைப்பார்கள்: ஒன்று, உங்கள் பப்பில் நடப்பது உங்களுக்கே தெரியவில்லை, இல்லாவிட்டால் தெரிந்தும் மறைக்கிறீர்கள். அவர்கள் புதிய நிபந்தனைகள் போடலாம், லைசென்ஸில் பெயர் குறித்த பொறுப்பாளரை நீக்கலாம், மூன்று மாதம் வரை லைசென்ஸை நிறுத்தி வைக்கலாம், முழுதாகப் பறிக்கவும் செய்யலாம்.

எப்படி எழுதுவது என்பதும் முக்கியம். "சண்டை, தீர்த்தாயிற்று" என்று எழுதினால் எழுதாததற்குச் சமம். இப்படி எழுதப் பழக்குங்கள்: "சனி, இரவு 10.40. தோட்டத்தில் இரண்டு ஆண்கள் வாக்குவாதம், ஒருவர் மற்றவரைத் தள்ளினார். தள்ளியவருக்கு 10.15க்கே பாரில் மறுத்திருந்தோம், மறுப்புப் புத்தகத்தில் இருக்கிறது. டோர் ஸ்டாஃப் இருவரையும் பிரித்து வேறு வேறு வாசலால் அனுப்பினார். காயம் இல்லை. 10.52க்கு பொலிஸின் அவசரமற்ற இலக்கமான 101க்கு அழைத்துச் சொன்னோம். கமெரா பதிவு எடுத்து வைக்கப்பட்டது." கீழே பெயர், கையெழுத்து. ஏழெட்டு வரிதான். ஆனால் இதை வாசிக்கும் கவுன்சிலருக்கு, இந்தப் பப்பில் சண்டைக்கு இருபத்தைந்து நிமிடம் முன்பே ஒருவர் அந்த ஆளைக் கவனித்திருக்கிறார் என்பது தெரியும். உங்களைக் காப்பாற்றுவது அதுதான். கமெரா பதிவை 31 நாள் வைத்திருக்கச் சொல்லும் நிபந்தனை பெரும்பாலான லைசென்ஸ்களில் உண்டு. ஹார்ட் டிஸ்க் உண்மையில் அத்தனை நாள் வைத்திருக்கிறதா என்று பழைய திகதி ஒன்றைப் போட்டுத் தேடிப் பாருங்கள். பலரின் பெட்டி பதினான்கு நாளில் அழித்துவிடுகிறது, அது அவர்களுக்கே தெரியாது.

பப்வாட்ச் பொலிஸின் அமைப்பு இல்லை. ஓர் ஊரின் பப்காரர்கள் தாங்களாகச் சேர்ந்து நடத்துவது. பொலிஸ் கூட்டத்துக்கு வந்துபோகும். தேசிய அமைப்பு 1997இலிருந்து இருக்கிறது. ஒரு பப்பில் அடிபிடி செய்தவரை எல்லோரும் சேர்ந்து வாக்களித்து எல்லாப் பப்பிலும் தடை செய்வார்கள். சின்ன ஊரில் இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. இரவு ஒன்பதரைக்கு "நீலத் தொப்பி போட்ட நான்கு பேர் எங்கள் இடத்தில் மறுக்கப்பட்டு உங்கள் பக்கம் வருகிறார்கள்" என்று ஒரு செய்தி வந்தால் போதும், நீங்கள் வாசலுக்குப் போய் நிற்கலாம். அந்த ஊருக்குப் புதியவரான உங்களுக்கு யார் யாரென்று தெரியாது. பழைய பப்பில் சண்டை போட்ட அந்த ஆட்கள் நிர்வாகம் மாறியதும் முதல் வேலையாக உங்களிடம்தான் வருவார்கள். அதனால்தான் முதல் கிழமையே என்றேன். தடை செய்தவர்களின் படங்களைச் சுவரில் ஒட்டாதீர்கள், குடும்ப வாட்ஸப்பில் போடாதீர்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டம் அங்கேயும் பொருந்தும்.

முதல் கூட்டத்தில் எங்கள் நிறத்தில் நீங்கள் ஒருவர் மட்டுமாக இருக்கலாம். அதற்காகத் தயங்காதீர்கள். பர்மிங்ஹாம் பக்கம் ஸ்மெதிக், வெஸ்ட் ப்ரோமிச் இடங்களில் பஞ்சாபிக் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாகப் பப் நடத்துகின்றன. 'தேசி பப்' என்று பெயர் எடுத்து, வெள்ளைக்காரரும் தேடி வந்து சாப்பிடும் இடங்கள் அவை. உங்கள் மனைவியின் கொத்துக்கும் அப்படி ஒரு காலம் வரலாம். அலர்ஜி தரும் 14 பொருட்களின் விவரத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே கிச்சனில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

பெஸ்ட் பார் நன் 2003இல் மன்செஸ்டரில் தொடங்கிய திட்டம். பிறகு ஹோம் ஒஃபிஸின் ஆதரவோடும் மதுபானத் துறையின் பணத்தோடும் பல நகரங்களுக்குப் பரவியது. மதிப்பிடுபவர் ஒருவர் வந்து நான் மேலே சொன்ன நான்கு நோக்கங்களின்படி உங்கள் இடத்தையும் ஏடுகளையும் பார்ப்பார். தேறினால் அங்கீகாரமும் வாசலில் மாட்ட ஒரு பலகையும் கிடைக்கும். நன்றாகச் செய்பவர்களுக்கு விருதும் உண்டு. பலகையைப் பார்த்து ஒருவரும் பியர் குடிக்க வர மாட்டார்கள். பலகை மாட்டிய இடத்திலும் கெட்டது நடக்கலாம். நான் சேரச் சொல்வதற்குக் காரணம் வேறு. உங்களுக்குப் பழகிப்போன இடத்தை வேறொரு கண் பகல் வெளிச்சத்தில் சுற்றிப் பார்க்கும். அவசர வாசலுக்கு முன்னால் அடுக்கிய கிறிஸ்ப்ஸ் பெட்டி, கழிவறை வழியில் எரியாத விளக்கு, போன வருடத்தோடு காலாவதியான தீயணைப்புக் கருவி, இவையெல்லாம் தினமும் பார்க்கும் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அவற்றை ஒரு மதிப்பீட்டாளர் காட்டித் தந்தால் திருத்த நேரம் கிடைக்கும். விபத்துக்குப் பிறகு வரும் ஆய்வாளரிடம் அந்த நேரம் கிடைக்காது. நள்ளிரவுக்குப் பின் விற்கும் இடங்களுக்குச் சில கவுன்சில்கள் 'லேட் நைட் லெவி' என்ற மேலதிகக் கட்டணம் வாங்குகின்றன. இப்படியான திட்டங்களில் இருப்பவர்களுக்கு அதில் 30 வீதம் வரை கழிவு கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் பொறுக்கச் சொன்னேன். அவர்களின் கேள்விப் பட்டியலை இப்போதே அதிகாரியிடம் வாங்கிவிடுங்கள். உள்ளே வேலைப்பாடு செய்யும்போதே அது கையில் இருந்தால் இரண்டு செலவு ஒரு செலவாகும்.

இப்போது ஃபோம். தம்பி, உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே பதற வைத்தது அந்த ஒரு வரிதான். 2003 பெப்ரவரி 20 இரவு அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில், வெஸ்ட் வோரிக் என்ற ஊரில் 'த ஸ்டேஷன்' என்ற இரவு விடுதி எரிந்து 100 பேர் இறந்தார்கள். இசைக்குழுவினர் மேடையில் கொளுத்திய வாணத்தின் பொறி சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் பற்றியது. அந்த ஃபோமை எதற்காக ஒட்டினார்கள் தெரியுமா? சத்தம் என்று அயலவர் முறையிட்டதற்காக. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. வேறு வாசல்கள் இருந்தும் பெரும்பாலானவர்கள் தாங்கள் வந்த முன்வாசலுக்கே ஓடி அங்கே ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள். பத்து வருடம் கழித்து, 2013 ஜனவரி 27இல் பிரேசிலின் சாந்தா மரியா நகரில் 'கிஸ்' விடுதியில் அதே கதை: மேடையில் வாணம், கூரையில் ஃபோம், ஒரே வாசல். 242 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மாணவர்கள். எரியும் ஃபோமிலிருந்து வந்த சயனைட் கலந்த புகைதான் பலரைக் கொன்றது.

மலிவு ஃபோம் எதையும் சுவரிலோ கூரையிலோ ஒட்டாதீர்கள். அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர, பாஸ் சத்தம் சுவரைத் தாண்டிப் போவதைப் பெரிதாகத் தடுக்கவும் செய்யாது. அயலுக்குக் கேட்கும் சத்தத்தில் பெரும் பங்கு திறந்த கதவு, யன்னல் வழியாகப் போவது. ஸ்பீக்கரைப் பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரிலிருந்து எடுத்து உள்பக்கம் திருப்பி மாட்டுங்கள், சுவரில் முட்டாமல் ரப்பரில் தொங்க விடுங்கள். ஒலியளவைக் கட்டுப்படுத்தும் லிமிற்றர் போட்டு, அதன் சாவியை டீஜேயிடம் கொடுக்காமல் நீங்கள் வைத்திருங்கள். வாசலில் இரட்டைக் கதவு வைக்க இடமிருந்தால் வையுங்கள். தோட்டத்தை ஒன்பதரை, பத்து மணிக்கு மூடுங்கள். வெறும் போத்தல்களை இரவில் தொட்டியில் கொட்டாதீர்கள். டீஜேயைப் பொறுத்துக்கொள்ளும் அயலவர்கூட நள்ளிரவில் நூறு போத்தல் விழும் ஓசையைப் பொறுக்க மாட்டார். திறப்பதற்கு முன் இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் மனைவியோடு போய், உங்கள் கைத்தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து வாருங்கள். கவுன்சிலுக்கு எழுதுவதற்கு முன் உங்களை அழைப்பார்கள். இரவு பதினொரு மணி வரை பதிவுசெய்த இசைக்குத் தனி அனுமதி தேவைப்படாமல் இருக்கலாம். அதற்குப் பிறகு டீஜே வேண்டுமானால் அது லைசென்ஸில் இருக்க வேண்டும்.

பிறந்தநாள் விழாக்களுக்கு இடம் கொடுப்பீர்கள் என்றால் கேக்கில் குத்தும் பொறிவாணங்களைக் கூரைக்குக் கீழே அனுமதிக்காதீர்கள், கேட்பது சொந்தத் தங்கை மகள் என்றாலும். 2005 தீப் பாதுகாப்பு ஆணையின்படி பொறுப்பாளர் நீங்கள்தான். 2023 ஒக்டோபர் 1இலிருந்து தீ அபாய மதிப்பீட்டை முழுதாக எழுத்தில் வைத்திருப்பது கட்டாயம். ஒரு கிழமைநாள் காலையில் வேலை செய்யும் எல்லோரையும் கூப்பிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, பின்வாசலால் வெளியே போகச் சொல்லிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறார்கள் என்பது உடனே தெரியும்.

நிலவறையைப் பற்றிக் கடைக்காரருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. பியரைத் தள்ளும் காபனீரொட்சைட்டு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே தேங்கும், கண்ணுக்கும் தெரியாது, மணக்கவும் மணக்காது. ஒருவர் மயங்கி விழுந்தால் தூக்கப் போகும் இரண்டாமவரும் விழுவார். அலாரம் மாட்டுங்கள், அலாரம் அடித்தால் ஒருவரும் கீழே இறங்கக் கூடாது. சிலிண்டர்களைச் சங்கிலியால் கட்டுங்கள். பியர்க் குழாய்களைக் கிழமைக்கு ஒருமுறை கழுவும் திரவம் தோலையும் தொண்டையையும் எரிக்கும். கழுவும்போது கையுறை, கண்ணாடி வேண்டும். கழுவும் குழாய்க்குரிய பார்ப் பம்ப்பின் மேல் ஒரு பையைக் கவிழ்த்து மூடுங்கள், தெரியாமல் யாரும் அதிலிருந்து ஊற்றிவிடக் கூடாது. பாருக்குப் பின்னால் நிலவறைக் கதவு தரையில் இருந்தால், அது திறந்திருக்கும்போது தடுப்பு இல்லாமல் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள்.

ஆட்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாசலில் பாதுகாப்புக்கு நிற்பவருக்கு, பாதுகாப்புத் தொழிலை ஒழுங்குபடுத்தும் எஸ்ஐஏ அமைப்பின் லைசென்ஸ் இருக்க வேண்டும். உடம்பு நல்ல வாட்டசாட்டம் என்று மச்சானின் மகனை நிறுத்தினால் அவருக்கும் குற்றம், உங்களுக்கும் குற்றம். இலக்கத்தை எஸ்ஐஏ இணையப் பதிவேட்டில் பாருங்கள், ஒவ்வொரு இரவும் எழுதி வையுங்கள். ஊரிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளை வேலைக்கு எடுப்பீர்கள். ஸ்டூடன்ட் விசாவில் பெரும்பாலானோருக்குத் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான். அனுமதியில்லாத ஒருவரை வைத்துப் பிடிபட்டால் முதல் தடவையே ஆளுக்கு 45,000 பவுண் வரை தண்டம், அதோடு ஹோம் ஒஃபிஸே உங்கள் லைசென்ஸை மறுபரிசீலனைக்குக் கேட்கலாம். இரக்கப்பட்டுச் செய்தேன் என்பது அங்கே எடுபடாது.

பெண்பிள்ளைகள் வேலை செய்தால், வாடிக்கையாளர் ஒருவர் கை நீட்டினால் அவரை வெளியே அனுப்புவது உங்கள் வேலை. "அவர் பழைய ஆள், பொறுத்துக்கொள்" என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். 2024 ஒக்டோபர் 26இலிருந்து, வேலை செய்பவர்களைப் பாலியல் தொல்லையிலிருந்து காக்க முன்கூட்டியே நடவடிக்கை எடுப்பது முதலாளியின் சட்டக் கடமை. 'ஆஸ்க் ஃபோர் ஏஞ்சலா' சுவரொட்டியைப் பெண்கள் கழிவறையில் ஒட்டச் சொல்வார்கள். 2016இல் லிங்கன்ஷயரில் தொடங்கிய ஏற்பாடு அது: கூட வந்தவரால் பயம் என்றால், ஒரு பெண் பாரில் வந்து ஏஞ்சலா இருக்கிறாரா என்று கேட்பார். ஒட்டுவது சுலபம். அன்று புதிதாகச் சேர்ந்த பிள்ளை "அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டால், நம்பி வந்தவரைக் கைவிட்டதாகிவிடும். ஒவ்வொரு புதிய ஆளுக்கும் முதல் இரவே சொல்லிக் கொடுங்கள், முடியாவிட்டால் ஒட்டாதீர்கள்.

பயங்கரவாதத் தாக்குதலிலிருந்து பொது இடங்களைக் காக்கும் மார்ட்டின் சட்டம் பற்றி யாராவது பயமுறுத்தினால் விடுங்கள். 2025இல் நிறைவேறிய அந்தச் சட்டம் 200 பேரோ அதற்கு மேலோ கூடக்கூடிய இடங்களுக்கானது.

லீஸில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இப்போதைய லைசென்ஸின் முழுப் பிரதியைக் கவுன்சிலிடம் கேட்டு வாங்கி வாசியுங்கள். அதில் நிபந்தனைகள் இருக்கும் இணைப்புகளான அனெக்ஸ் 2, அனெக்ஸ் 3 இரண்டும் முக்கியம். முன்பு சண்டையும் முறைப்பாடும் இருந்ததால் விசாரணை வைத்துப் போட்ட நிபந்தனைகள் அனெக்ஸ் 3இல் இருக்கலாம். சனி இரவு இரண்டு டோர் ஸ்டாஃப் கட்டாயம் என்று அதில் இருந்தால் உங்கள் டீஜே கணக்கே மாறிவிடும். இணைத்திருக்கும் வரைபடமும் இப்போதைய பாரும் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். பப்பின் பொறுப்பாளராக உங்கள் பெயரைப் போடும்போது, லண்டன் கடைக்கு வேறொருவரைப் பொறுப்பாளராக மாற்றிவிடுங்கள். இரண்டு இடத்துக்கும் நீங்களே இருக்கச் சட்டம் தடுக்காது. ஆனால் சனி இரவு இரண்டு இடத்திலும் நிற்க உங்களால் முடியாது.

பழையவரின் கம்பனி கடனில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். லைசென்ஸ் அந்தக் கம்பனியின் பெயரில் இருந்தால், கம்பனி முறிந்த அன்றே லைசென்ஸும் செத்துவிடும். 28 நாட்களுக்குள் மாற்ற விண்ணப்பித்தால்தான் உயிர் வரும். அது தவறினால் புதிய லைசென்ஸுக்கு முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும், அயலவர்கள் எல்லோரும் எதிர்த்து எழுதலாம். அதனால் அவருடைய சம்மதக் கடிதத்தை இந்தக் கிழமையே கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். சாவி வாங்கும் நாளிலேயே லைசென்ஸ் மாற்றும் விண்ணப்பத்தையும் பொறுப்பாளர் மாற்றும் விண்ணப்பத்தையும் அனுப்புங்கள், இரண்டுக்கும் தலா 23 பவுண். இரண்டிலும் 'உடனடியாக அமுலுக்கு வர வேண்டும்' என்ற கட்டத்தில் அடையாளம் போட மறக்காதீர்கள். ஒன்லைனில் அனுப்பினால் கவுன்சிலே பொலிஸுக்குப் பிரதி அனுப்பிவிடும்; தபாலில் என்றால் நீங்கள்தான் அனுப்ப வேண்டும்.